வேர்ட்பிரஸ் ஏற்றும்போது செய்யும் தவறுகள்: தளம் திறந்த பிறகு தெரிபவை

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் புது சர்வரில் ஏற்ற அரைமணி நேரம் போதும். உபுண்டு இயங்குதளத்தில் எஞ்சின்எக்ஸ் (பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர்), பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி), மரியாடிபி (டேட்டாபேஸ்) மூன்றையும் போட்டு, உலாவியில் முகவரியைத் தட்டினால் தளம் திறந்துவிடும். சிக்கலே அங்கேதான். கீழே சொல்லும் தவறுகளில் எதுவுமே தளம் திறப்பதைத் தடுக்காது. சில மாதம் கழித்து, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரவில், வந்து நிற்கும்.

முதல் தவறு மட்டும் விதிவிலக்கு, அதற்குச் சில நிமிடங்களே போதும். கோப்புகளை ஏற்றிவிட்டு, இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழும் வாங்கிவிட்டு, ‘நிறுவும் பக்கத்தைச் சாப்பிட்டு வந்து முடிக்கலாம்’ என்று எழுந்து போவது. சான்றிதழ் தரப்பட்டதும் உங்கள் டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதையே பார்த்துக்கொண்டிருக்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) உண்டு. பாதியில் நிற்கும் நிறுவும் பக்கம் கிடைத்தால், பாட்களை ஏவியவர்கள் தங்களுடைய டேட்டாபேஸ் விவரத்தைக் கொடுத்துத் தாங்களே அட்மின் ஆகிவிடுவார்கள். அதனால் வரிசையை மாற்றுங்கள். டேட்டாபேஸ் விவரம் இருக்கும் கான்ஃபிக் கோப்பை எழுதி, டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைவரிக் கருவி வழியாக நிறுவலை முடித்து, அப்புறம் சான்றிதழ் வாங்குங்கள்.

டேட்டாபேஸ் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனரைத் தளத்துக்குக் கொடுக்காதீர்கள். ஒரு தளத்துக்கு ஒரு பயனர், அவருக்கு அந்த ஒரு டேட்டாபேஸில் மட்டும் உரிமை. டேட்டாபேஸுக்கான 3306 போர்ட்டை வெளியே திறந்து வைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. பயனர், கடவுச்சொல் எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு கிடைக்கவில்லையா? ஹோஸ்ட் என்ற இடத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் சர்வருக்குள்ளேயே இருக்கும் சாக்கெட் கோப்பு வழியாகப் போகும், 127.0.0.1 என்று எழுதினால் நெட்வொர்க் வழியாகப் போகும். இரண்டும் ஒன்று என்று நினைத்து நான் ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

கோப்பு அனுமதியில் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) போடுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு, தெரிந்தே செய்வோம். அதைவிடச் சத்தமில்லாத தவறு ஒன்று உண்டு. கான்ஃபிக் கோப்பைத் திருத்தும் முன், அதே ஃபோல்டரில் ‘.பேக்’ என்ற பின்னொட்டோடு ஒரு நகல் எடுத்து வைப்போம். பெயர் பிஎச்பி என்று முடியாததால் சர்வர் அதை இயக்காது, வெறும் எழுத்தாக அப்படியே காட்டிவிடும், டேட்டாபேஸ் கடவுச்சொல்லோடு. இணையதள ஃபோல்டருக்குள் விட்டுப்போன டேட்டாபேஸ் டம்ப்பும் (முழு டேட்டாபேஸையும் கோப்பாக எடுத்த நகல்) அதே கதைதான். இந்தப் பெயர்களையெல்லாம் ஊகித்துத் தட்டிப் பார்ப்பதே பாட்களின் முழுநேர வேலை.

இனி தமிழுக்கே உரிய தலைவலிக்கு வருவோம். புதிதாக நிறுவினால் எழுத்துக் குறியாக்கம் (எழுத்தை எந்தப் பைட்டுகளாகச் சேமிப்பது என்ற முறை) அனேகமாகத் தானாகவே சரியாக அமையும். பழைய தளத்தை மாற்றும்போதுதான் உதைக்கும். எழுத்துக் குறியாக்கத்தைக் குறிப்பிடும் வரி கான்ஃபிக் கோப்புக்கு வந்ததே 2007-இல், வேர்ட்பிரஸ் 2.2-இல். அதற்கு முன் தொடங்கிய தமிழ்த் தளங்கள் பலவற்றில் டேட்டாபேஸ் அட்டவணையின் குறியாக்கம் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது) என்று இருக்கும், உள்ளே கிடப்பதோ யூனிகோடு தமிழ். ஒரு சிற்றிதழின் பழைய தளத்தை நான் சாதாரணமாக டம்ப் எடுத்துப் புது சர்வரில் ஏற்றினேன். ஒரு கட்டுரை பாக்கியில்லாமல், தலையில் கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறிப் பக்கம் முழுக்க நிறைந்திருந்தன. பார்த்தவர்களுக்கு அது எதுவென்று உடனே புரியும்.

பதறி எதையும் அழித்துவிட வேண்டாம். ஒரு வரியை எடுத்து, சேமித்த பைட்டுகளை அப்படியே காட்டும் டேட்டாபேஸின் ஹெக்ஸ் ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள். ‘இ0ஏஇ’ (E0AE) என்று தொடங்கினால் தமிழ் நலமாக இருக்கிறது, காட்டும் இடத்தில்தான் கோளாறு. ‘சி3ஏ0’ (C3A0) என்று தொடங்கினால் இருமுறை குறியாக்கமாகியிருக்கிறது, மீட்டுவிடலாம். வெறும் ‘3எஃப்’ (3F) வரிசையாக நின்றால் அது நிஜக் கேள்விக்குறி. தமிழ் போயே போய்விட்டது, பழைய சர்வரைத்தான் தேட வேண்டும். முறையான வழி, டம்ப்பை லத்தீன்1 என்றே எடுத்து, கோப்புக்குள் அட்டவணைக்கும் இணைப்புக்கும் குறியாக்கம் சொல்லும் வரிகள் எல்லாவற்றையும் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, அப்புறம் ஏற்றுவது. ‘எம்பி4’ இல்லாத வெறும் யூடிஎஃப்8 எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும். வாசகர் போடும் எமோஜிக்கு 4 பைட் வேண்டும்.

இன்னொன்று, பதிவின் முகவரி. வேர்ட்பிரஸ் அதற்கு 200 எழுத்து இடம்தான் தருகிறது. தமிழில் ஒவ்வொரு குறியும் முகவரியில் சதவீதக் குறிகளோடு கூடிய சங்கேதமாக மாறி 9 இடம் பிடிக்கும். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறிதான். ‘தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை செய்யும் முறை’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘தஞ்சாவூர்-தலையாட்டி-பொம்’ என்று நின்றுவிடும். டேட்டாபேஸில் அந்தக் களத்தின் அளவைக் கூட்டினாலும் பயனில்லை, வெட்டுவது நிரலிலேயே நடக்கிறது. வெளியிடும் முன் சிறிய முகவரியைக் கையால் எழுதிவிடுங்கள்.

டொமைன் மாறும்போது டம்ப் கோப்பில் பழைய பெயரைத் தேடிப் புதுப் பெயரைப் போடுவதும் பழக்கமாக இருக்கிறது. சில அமைப்புகளை வேர்ட்பிரஸ் எழுத்தின் நீளத்தையும் சேர்த்தே சேமிக்கிறது. பெயரின் நீளம் மாறி, எழுதியிருக்கும் எண் மாறாவிட்டால் விட்ஜெட்டுகள் (பக்க ஓரத்தில் வரும் பெட்டிகள்) சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் அந்த எண்ணையும் திருத்திக்கொள்ளும்.

1 ஜிபி ரேம் உள்ள சர்வரில், பெரிய சர்வருக்கு யாரோ எழுதிய பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி பிராசஸ்களை நடத்தும் நிரல்) அமைப்பை அப்படியே ஒட்டுவதும் நடக்கிறது. ஐம்பது பிராசஸுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றும் 50 எம்பி தின்றால் என்ன ஆகும்? ரேம் தீர்ந்ததும் இயங்குதளத்தின் மையமான கர்னல் ஒரு பிராசஸைப் பலி கொடுக்கும், அது அடிக்கடி டேட்டாபேஸாகவே இருக்கும். திரையில் தெரிவதோ ‘டேட்டாபேஸ் இணைப்பு இல்லை’ என்ற வரி மட்டும். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் முதலில் கர்னல் லாகைப் பாருங்கள். ஐந்து பிராசஸ், கொஞ்சம் ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) என்று வைத்தாலே சின்னத் தளம் ஓடிவிடும்.

பேக்கப் தினமும் ஓடுகிறது என்பார்கள். திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா என்றால் பதில் வராது. வேறொரு காலி டேட்டாபேஸில் மாதம் ஒருமுறை ஏற்றி, பத்து வருடப் பழைய பதிவு ஒன்றைத் திறந்து, ‘ழ’வும் ‘கொ’வும் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.