மாமல்லபுரத்தை வருடம் முழுக்கப் படம் எடுப்பது எப்படி? (முதல்முறை கேமரா தூக்குபவர்களுக்கு)

எனக்கு மாமல்லபுரம் பைக்கில் அரை மணி நேரம். அதனாலேயே பல வருடம் அதை ஒழுங்காகப் படம் எடுக்கவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிப்போவேன். வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தாங்கிப் பிடிப்பதுபோல் அவர்களை நிறுத்தி நாலு படம் எடுப்பேன், இளநீர் குடித்துவிட்டுத் திரும்புவோம். ஒரு மார்கழியில் தனியாகப் போய் எடுத்த சில படங்கள் நன்றாக அமைந்துவிட்டன. சரி, இதே இடங்களை நான்கு பருவத்திலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று ஆசை வந்தது. சுலபம் என்று நினைத்தேன். இரண்டு வருடம் ஆனது. எனக்கு எங்கெங்கே கால் இடறியதோ அதை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஷட்டர், அபெர்ச்சர் பாடமெல்லாம் வேறு இடத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், என்ன கொண்டுபோவது

போன் போதும். கேமரா இருந்தால் ஒரு 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. லென்ஸ் போதும். ஜூம் லென்ஸைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். பருவத்துக்குப் பருவம் ஒப்பிடும்போது, போன தடவை ஜூம் எவ்வளவில் வைத்தோம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. மைக்ரோஃபைபர் துணி இரண்டு, காற்றடிக்கும் ரப்பர் பல்பு ஒன்று, ஒரு போலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டித் திருகினால் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி). அவ்வளவுதான்.

முக்காலி வேண்டாம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் அதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் ட்ரோனையும் எடுத்து வராதீர்கள். முக்காலிக்குப் பதில் பழைய பேன்ட் துணியில் ஒரு பை தைத்து அரிசி போட்டு, பாதையோரத் திட்டின் மேல் வைத்துக் கேமராவை அதில் அழுத்திவிடுவேன். சிற்பத்தின் மேலோ மண்டபத்தின் மேலோ வைக்கவே கூடாது. கடற்கரை ஈரத்தில் மூன்றே மாதத்தில் அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. இப்போது பச்சைப்பயறு.

இரண்டாவது, ஒரே இடத்தில் நிற்பது

கேட்க அற்பமாக இருக்கும். முதல் வருடப் படங்கள் பாதி வீணானது இதனால்தான்.

கடற்கரைக் கோயிலின் மேற்கே புல்வெளியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, செடி வேலியிலிருந்து பதினான்கு எட்டு என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன். சித்திரையில் திரும்பிப் போனால் அந்த வேலியை வெட்டி ஒழுங்குபண்ணியிருந்தார்கள். பதினான்கு எட்டு எங்கிருந்து? குத்துமதிப்பாக நின்று எடுத்தேன். வீட்டில் வந்து இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கோயில் வேறு கோயில் மாதிரி இருக்கிறது.

சரியான வழி இது. அருகில் ஒன்று, அதற்குப் பின்னால் தள்ளி இன்னொன்று என்று அசையாத இரண்டு பொருள்களைப் பிடியுங்கள். கடற்கரைக் கோயிலில் இது கையிலேயே இருக்கிறது. மேற்கிலிருந்து பார்த்தால் சின்ன விமானம் (கருவறைமேல் எழும் கோபுரம்) முன்னால், பெரிய விமானம் பின்னால். சின்னதன் உச்சி, பெரியதன் எந்தத் தளத்தை, எந்தப் பக்கம் தொடுகிறது என்று பாருங்கள். நீங்கள் இடம் வலமாக ஓர் அடி நகர்ந்தாலே அந்தத் தொடுபுள்ளி மாறும். முன்னே பின்னே நகர்ந்தால் உச்சி ஏறும், இறங்கும். முதல் படத்தை போனில் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளி பொருந்தும்வரை நடங்கள். பொருந்திவிட்டால் நீங்கள் நிற்பது பழைய இடம்தான். கேமராவைப் பிடிக்கும் உயரமும் முக்கியம். நான் எப்போதும் மார்பு உயரத்தில்தான் பிடிப்பேன்.

தரையில் சாக்பீஸால் குறி போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லவர் காலப் பாறையில் உங்கள் குறி எதற்கு?

மூன்றாவது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது

இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐந்து ரதங்களில் நகுல சகாதேவ ரதம் எனக்கு மிகவும் பிடித்தது. பின்புறம் யானையின் பின்பாகம்போல் வளைந்திருக்கும் தூங்கானை மாட அமைப்பு. பக்கத்திலேயே ஒற்றைக்கல் யானை. இந்த ரதம் தெற்கு பார்த்தது. ஜனவரியில் அதன் முகப்பில் வெயில் அழகாக விழுந்து, தூணின் நிழல் உள்ளே சாய்ந்து கிடக்கும். அதே படத்தைக் கோடையில் எடுக்கலாம் என்று மே மாதம் காலை ஏழு மணிக்குப் போனேன். முகப்பு இருட்டு. சரி, வெயில் ஏறட்டும் என்று ஒன்பது மணிவரை உட்கார்ந்தேன். இருட்டு. பன்னிரண்டு மணிக்கு மண்டை வெடிக்கும் வெயில், ஆனால் முகப்பில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கேமரா கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்ட அளவுக்குப் போய்விட்டேன்.

காரணம் எளிது. மாமல்லபுரம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12.6 பாகையில். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு நாள், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த குச்சிக்கு நிழல் விழாத நாள் இதுதான். இந்த இரண்டு நாளுக்கும் நடுவே உள்ள ஏறக்குறைய நான்கு மாதமும் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே போகிறது. காலையில் வடகிழக்கு, நண்பகலில் வடக்கு, மாலையில் வடமேற்கு. ஆகவே தெற்கு பார்த்த சுவருக்கு அந்த நான்கு மாதமும் நேர் வெயில் கிடையவே கிடையாது. மார்கழியில் நேர்மாறு, நாள் முழுக்கத் தெற்கு.

இது புரிந்த பிறகு மாமல்லபுரமே எனக்கு வேறு ஊராகிவிட்டது.

அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு பார்த்த பாறை, அதனால் காலையில் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். காலை ஏழு, எட்டு மணிக்கு வெளிச்சம் நேராக முகத்தில் அடிப்பதால் சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். பத்தரை மணிக்குமேல் வெயில் பாறையை உரசிக்கொண்டு இறங்கும்போது போங்கள். மார்கழியில் அந்த நேரத்து வெயில் உங்கள் இடப்பக்கத்திலிருந்து, அதாவது தெற்கிலிருந்து வரும். ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனி, ஆடியில் அதே பத்தரை மணிக்கு வெயில் பெரும்பாலும் மேலிருந்து, கொஞ்சம் வலப்பக்கமாக விழும். நிழல் மாறிப் படுப்பதால் யானைகளும் அதன் காலடியில் தவம் செய்யும் பூனையும் வேறு முகம் காட்டும். பூனையைத் தனியாக எடுங்கள், எலிகளை விட்டுவிடாதீர்கள்.

மகிஷாசுரமர்த்தினி மண்டபம் இன்னும் சுவாரசியம். வாசல் கிழக்கே. உள்ளே வடக்குச் சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை, எதிரே தெற்குச் சுவரில் பள்ளிகொண்ட பெருமாள். மார்கழிக் காலை வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வருவதால் அதன் போக்கு துர்க்கை பக்கம். ஆனி மாதக் காலை வெயில் வடகிழக்கிலிருந்து வருவதால் பெருமாள் பக்கம். அரை வருடம் அவளுக்கு, அரை வருடம் அவருக்கு. தூண்களின் நிழல் குறுக்கே விழும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வராக மண்டபமும் திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தர்மராஜன் ரதங்களும் மேற்கு பார்த்தவை. மதியம் மூன்றுக்குமேல் போங்கள். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

நான்காவது, கதவு திறக்கும் நேரம்

கடற்கரைக் கோயில் வளாகம் காலை 6 முதல் மாலை 6 வரை. சூரியனுக்கு அந்த அட்டவணை தெரியாது. மே, ஜூனில் 5.40 வாக்கிலேயே உதித்துவிடும். நீங்கள் சீட்டு வாங்கி உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஜனவரியில் 6.35 வாக்கில் உதிக்கும், அரை மணி நேரம் கையில் இருக்கிறது. மாலையும் அப்படியே. ஜூலையில் மறைய 6.40 ஆகிவிடும், நவம்பர் கடைசியில் 5.40-க்கே மறைந்துவிடும். ஆக, வளாகத்துக்குள் நின்று உதயத்தையும் அந்தியையும் இரண்டையும் பிடிக்க வேண்டுமென்றால் கார்த்திகை தொடங்கி மார்கழி வரை. கோடை உதயத்துக்கு வெளியே கடற்கரை மணலில் நின்றுகொள்ளுங்கள்.

கோயிலுக்குப் பின்னால் சூரியன் எழும் அந்த நிழலுருவப் படத்துக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, எக்ஸ்போஷரை ஒன்று ஒன்றரை ஸ்டாப் குறைத்து வையுங்கள். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. திரையில் பாருங்கள். மேற்கே நிற்கும்போது மார்கழியில் சூரியன் கோயிலுக்கு வலப்பக்கமும் ஆனியில் இடப்பக்கமும் எழும். இரண்டு விமானத்துக்கும் நேர் பின்னால் வேண்டுமென்றால் பங்குனி அல்லது புரட்டாசியில் அந்தச் சில நாட்கள்தான்.

ஒரு சீட்டு அதே நாளில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் செல்லும். காலையில் இங்கே, மாலையில் அங்கே. சீட்டைத் தொலைக்காதீர்கள்.

ஐந்தாவது, ஒவ்வொரு பருவத்திலும்

தை, மாசி: வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். படம் தானாக அமையும், கூட்டமும் தானாகச் சேரும். காணும் பொங்கலன்று போகவே போகாதீர்கள். மாசி மகத்துக்குப் போங்கள். இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்து வந்து கடற்கரையில் குடில் போட்டுத் தங்கிக் கன்னியம்மனை வழிபடுவார்கள். கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

சித்திரை, வைகாசி: எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், தபசு ஒன்றைத் தவிர. அப்புறம் பாறை அடுப்பாகிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய அனுபவம் எனக்கு உண்டு.

ஆடி: அம்மியே பறக்கும் என்பார்கள், மணல் பறக்காதா? வெளியில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். ஆனால் மாலை நேரத்து இடிமேகம், அதன் முன்னே கலங்கரை விளக்கம், இது வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது.

ஐப்பசி, கார்த்திகை: எனக்குப் பிடித்த பருவம் இதுதான். மழை நின்றதும் கருங்கல் ஈரத்தில் கறுத்துப் போயிருக்கும். காயத் தொடங்கும்போது மேடான இடங்கள் முதலில் வெளுத்து, பள்ளங்கள் இருட்டாகவே நிற்கும். சிற்பத்துக்கு யாரோ மை தீட்டியதுபோல் இருக்கும். கொஞ்ச நேரம்தான். ஈரக் கல்லின் பளபளப்பைப் போலரைசர் குறைக்கும், ஆனால் முழுக்கத் திருகிவிடாதீர்கள், கல் செத்துவிடும். மலைமேல் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரியும். வழுக்கும், ஜாக்கிரதை. கேமராவுக்கு மளிகைக் கடை பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும் போதும். காசு கொடுத்து வாங்கிய மழை உறை என்னிடம் இரண்டு மழைதான் தாங்கியது.

எல்லாப் பருவத்துக்கும் பொதுவாக ஒன்று. ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்) ஆட்டோவில் விடாதீர்கள், டேலைட்டில் பூட்டிவையுங்கள். ஆட்டோ என்பது மார்கழிப் பனியின் நீலத்தையும் சித்திரையின் மஞ்சளையும் ஒரே நிறமாக்கிவிடும். அந்த வித்தியாசத்துக்காகத்தானே இவ்வளவு தூரம்? நிழலை வெளுப்பாக்கி வெளிச்சத்தோடு சமன்செய்யும் எச்டிஆர் வேண்டவே வேண்டாம். நிழலை நிழலாக விடுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுக் கேட்டவை

“காலையில் முதல் பத்துப் படமும் பனிமூட்டம் மாதிரி வருகிறது, செட்டிங் தப்பா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல்நாள் இரவு எங்கே தங்கினீர்கள் என்று கேட்டேன். ஏசி அறை. குளிர்ந்த லென்ஸ் கடற்கரைக் காற்றைத் தொட்டதும் வியர்த்துவிடுகிறது. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு, ஜிப்பைத் திறக்காமல், அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். துடைத்துப் பயனில்லை, திரும்பத் திரும்ப வரும்.

இன்னொருவருக்கு மூட்டம் மதியமும் போகவில்லை. அது உப்பு. அலை தெறிக்கும் பக்கம் பத்து நிமிடம் நின்றாலே லென்ஸில் மெல்லிய படலம் ஒட்டும். சட்டை நுனியால் அழுத்தித் துடைத்து நான் ஒரு ஃபில்டரைக் கீறியிருக்கிறேன். முதலில் பல்பால் மணலை ஊதுங்கள், பிறகு லென்ஸ் திரவத்தில் நனைத்த துணியால் அழுத்தாமல், கடைசியாகக் காய்ந்த துணியால்.

“போனில் பழைய படத்தையும் கேமராவையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்ப்பது?” முடியாவிட்டால் பழைய படத்தைப் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் போன் திரையைவிட அது நன்றாகத் தெரிகிறது, நானும் இப்போது அப்படித்தான். பிரிண்டின் பின்பக்கம் தேதி, மணி, விமானம் தொடும் புள்ளி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவிடுகிறேன். பேனா வேண்டாம், கை வியர்வையில் அழிந்துவிடுகிறது.