தாத்தாவோடு பழைய படம் பார்க்க ஒரு வழி

பாம்பன், மண்டபம் பக்கம் கடலுக்குப் போய்வந்த பெரியவர் வீட்டில் இருந்தால், பழைய படங்களை 1964-இல் வெளிவந்த ‘படகோட்டி’யிலிருந்து தொடங்கலாம். உடனே படத்தைப் போடாமல், வாலி எழுதி டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘தரைமேல் பிறக்க வைத்தான்’ பாடலை மட்டும் ஒலிக்கவிட்டு, அதை முதன்முதலில் எங்கே கேட்டார் என்று தாத்தாவிடம் விசாரியுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல்வரை பேச்சு நீளக்கூடும். பிறகு ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, இடைவேளைவரை மட்டும் பாருங்கள். துடுப்புப் போடுவதையும் வலை இழுப்பதையும் அவர் குறை சொன்னால் (பெரும்பாலும் சொல்வார்) மறுத்துப் பேசாமல் படத்தை நிறுத்திக் கேளுங்கள். நமக்குச் சலிப்பூட்டும் காட்சியில் அவர் எதைக் கவனிக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபடும். கைப்பேசி வேறு அறையில் இருப்பது உத்தமம்.