அகழாய்வுக் குழியில் முதல் நாள்: கரண்டி பிடிப்பது முதல் பை கட்டுவது வரை

குழிக்குள் இறங்கும் முன், எங்கே கால் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் 5 மீட்டர் சதுரக் கட்டம் போட்டு, நான்கு பக்கமும் அரை மீட்டர் விட்டு, நடுவில் 4 மீட்டர் சதுரத்தை மட்டும் தோண்டுவார்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவே நிற்கும் அந்த மண்வரப்பின் பக்கவாட்டில்தான் மண்ணடுக்குகள் வரிசையாகத் தெரியும். விளிம்பில் உட்கார்ந்தால் சரிந்துவிடும். மேலடுக்குப் பானை ஓடு கீழடுக்கில் விழுந்து கலக்கும்.

சுரண்டுதல். 4 அங்குலக் கொத்தனார் கரண்டி போதும். முட்டி போட்டு, நுனியால் குத்தாமல், பக்க விளிம்பால் மண்ணை உங்களை நோக்கி இழுங்கள். ஒரு இழுப்புக்குச் சில மில்லிமீட்டர்தான். சுரண்டிய தரையை மிதிக்காமல் பின்னோக்கி நகருங்கள். உதிர்ந்த மண்ணை உடனுக்குடன் பாண்டில் அள்ளிவிடுங்கள். அது கிடந்தால் அடியில் இருக்கும் நிறம் தெரியாது.

அன்றைய வேலையில் மிக முக்கியமானது அந்த நிறம்தான். காய்ந்த மண் எல்லாம் ஒரே மாதிரி வெளிறியிருக்கும். தெளிப்பானால் லேசாக நீர் தூவினால் வேறுபாடு தெளியும். கரண்டியின் சத்தமும் மாறும்: இறுகிய தரையில் கரகரக்கும், பின்னால் நிரம்பிய மண்ணில் சத்தமில்லாமல் இறங்கும். கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் மரத்தூண் நட்ட குழியாக இருக்கலாம், எலி வளையாகவும் இருக்கலாம். அங்கேயே நிறுத்திப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். பிற்காலக் குழி பழைய அடுக்கைத் துளைத்து இறங்கியிருக்கும். அதன் மண்ணை முதலில் தனியாக எடுக்க வேண்டும். சேர்த்து வாரினால் பிற்கால ஓடு பழைய அடுக்கின் பைக்குள் போய்விடும். அடுக்கின் காலக்கணிப்பே தவறிவிடும். எந்த ஆய்வகத்தாலும் அதைப் பிறகு பிரித்துத் தர முடியாது.

பொருள் தென்பட்டால் பிடுங்காதீர்கள். சுற்றியுள்ள மண்ணைச் சமமாக இறக்கி, முழு வடிவமும் தெரிந்தபின், இரண்டு பக்கங்களிலிருந்து தூரமும் ஆழமும் அளந்து, படம் எடுத்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். கரித்துண்டைக் கையால் தொடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். பஞ்சு, காகிதம் வேண்டாம். அவற்றின் இழை ஒட்டினால், கரியின் வயதைக் கண்டறியும் கரிமக் காலக்கணிப்பு குழம்பும்.

சலித்தல். 5 மில்லிமீட்டர் சல்லடைக் கண்ணில் சின்ன மணிகள் நழுவிவிடும். ஒரு மணி கிடைத்தாலும் அந்த இடத்து மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் மறுபடி சலியுங்கள். ஈரக்கட்டியைச் சல்லடையில் தேய்க்காதீர்கள், எலும்பு நொறுங்கும்.

பையும் சீட்டும். கட்ட எண், அடுக்கு எண், ஆழம், தேதி எழுதிய சீட்டு பைக்குள் ஒன்று, அதே விவரம் பையின் மேல் ஒன்று. உள்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள்; ஈரத்தில் மை ஊறி அழியும். சீட்டில்லாத ஓட்டால் ஆய்வுக்குப் பெரிய பயன் இல்லை.

கழுவுதல். மென்மையான பல் பிரஷ், சாதாரணத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். உடைந்த ஓரங்களை நன்றாகத் தேய்த்தால்தான் துண்டுகளைப் பொருத்திப் பார்க்க முடியும். வண்ணம் தீட்டிய ஓடு, இரும்பு, செம்பு ஆகியவற்றைத் தொட்டியில் போடாதீர்கள். உள்ளே கருகல் ஒட்டிய ஓட்டையும் தனியே வையுங்கள். அந்தப் பானையில் என்ன சமைத்தார்கள் என்ற தடயம் அந்தக் கருகலில் இருக்கலாம்.