பங்கு விருந்தில் ஒயின் வைக்கலாமா?

கிறிஸ்துமஸ் ஒன்றுகூடலுக்கோ பங்கின் (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களின்) திருவிழா விருந்துக்கோ திட்டமிடும்போது, "கேக்குடன் கொஞ்சம் ஒயினும் வைக்கலாமே" என்று ஒருவர் தொடங்குவது தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் வட்டாரங்களில் புதிதன்று. பந்தல் போட்ட பிறகு இதை விவாதித்தால் மனத்தாங்கலே மிஞ்சும் என்பதால், பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப் பேரவையின் முதற்கூட்டத்திலேயே முடிவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும்.

முடிவெடுக்குமுன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21. உரிமம் பெறாத பொது மண்டபத்தில் மது பரிமாறுவது குற்றம்; 2023-இல் திருமண மண்டபங்களுக்குச் சிறப்பு உரிமம் வழங்கலாம் என்று வந்த விதியும் எதிர்ப்பு எழுந்ததால் திரும்பப் பெறப்பட்டது. வீட்டில் ஈஸ்ட் சேர்த்து ஊறவைத்த ஒயின் பாட்டியின் கைப்பக்குவமாகவே இருந்தாலும் சட்டத்துக்கு அதுவும் மதுதான். ஆகவே பங்கு மண்டபத்தில் மது இல்லை என்பதே என் பரிந்துரை.

இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக மாற்றிய கானாவூர்க் கல்யாணத்தை யாராவது நினைவூட்டுவார். அந்த ஊரில் டாஸ்மாக் இருந்ததில்லை என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். குடியால் நொந்த குடும்பங்களும் அதே பந்தியில் உட்காருகின்றன என்பதுதான் உண்மையான பதில். திருப்பலிக்கு (கோவில் பூசைக்கு) உரிய திராட்சை இரசம் வேறு: கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அது திராட்சையிலிருந்து வந்த இயற்கையான இரசமாக இருக்க வேண்டும். அந்தப் புட்டிகள் கோவில் பணிகளில் துணைநிற்கும் உபதேசியாரின் பொறுப்பில் பூட்டிய அலமாரியிலேயே இருக்கட்டும். விருந்துக்கு ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது.

கேக்குடன் கொடுக்க நொதிக்காத திராட்சைச் சாறே போதும். நூறு பேருக்கு ஆளுக்கு 100 மில்லி என்றால் 10 லிட்டர் வேண்டும். அதற்கு ஏறக்குறைய 6 கிலோ பன்னீர் திராட்சை வாங்கி, காம்பு நீக்கி, நன்றாகக் கழுவி, அதே அளவு தண்ணீரில் தோல் வெடிக்கும்வரை கொதிக்கவிட்டு, ஆறியபின் மசித்து வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். சர்க்கரையைப் பழத்தின் புளிப்பைப் பார்த்துச் சேர்க்கலாம். இரண்டு பட்டையும் நான்கு கிராம்பும் கொதியிலேயே போட்டால் ஒயினின் வாசனையைத் தேடுபவர்களும் குறை சொல்லமாட்டார்கள். திராட்சைத் தோலில் இயல்பாகவே ஈஸ்ட் இருப்பதாலும், நம் டெல்டாப் புழுக்கத்தில் அது விரைவாக வேலை செய்வதாலும், கொதிக்கவிடுவதைத் தவிர்க்கக் கூடாது. விருந்தன்று காலையில் காய்ச்சி, பரிமாறும்வரை குளிர்ப்பெட்டியில் வைத்து, எஞ்சியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். நுரைத்தால் கொட்டிவிடுங்கள்.

வெளியிலேயே குடித்துவிட்டு வருபவர் ஒருவராவது இருப்பார். அவரை ஒலிபெருக்கியில் கண்டிக்காமல், அவர் மதிக்கும் பெரியவர் ஒருவர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துச் சென்று, சாப்பிட வைத்து, வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். அந்த ஆட்டோவுக்கான பணத்தையும் விருந்துச் செலவுக் கணக்கிலேயே முன்கூட்டி எழுதிவிடலாம்.