குள்ளர் தன்னையே செதுக்கிக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

குள்ளர்களை வைத்துப் பாறைக்குள் கோட்டை கட்டும் டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் மதில், அகழி, பொறி என்று கட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. என் கோட்டைக்கு வாசற்கதவு ஒழுங்காக இருக்கிறதோ இல்லையோ, சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கச் செதுக்கல் இருக்கும். அதைக் கட்டம் கட்டமாகச் சொடுக்கிப் படிப்பதற்காகத்தான் விளையாட்டையே திறக்கிறேன்.

படித்தால் என்ன வரும்? பெரும்பாலும் பசு, வட்டம், நட்சத்திரம். இடையில் திடீரென்று இப்படி ஒன்று: ‘இந்தச் சுவரில் பாம்ரெக்கின் உருவம் உள்ளது. செதுக்கியவர் பாம்ரெக். பாம்ரெக் உழைத்துக்கொண்டிருக்கிறார். பாம்ரெக் இதே கோட்டையில் ஒரு அற்புதமான செதுக்கலைப் படைத்த நிகழ்வை இது குறிக்கிறது.’ ஆள் சுவரில் செதுக்கியிருப்பது, தான் சுவரில் செதுக்கியதை! இதை வேண்டுமென்றே வரவழைக்கலாமா என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. நூற்றுக்கு நூறு உறுதி கிடையாது. ஆனால் வாய்ப்பை நன்றாகக் கூட்டிவிடலாம்.

முதலில் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவரும் 2006இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் செதுக்கல்களை யாரும் முன்கூட்டியே வரைந்து வைக்கவில்லை. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் உருவாகிற வர்ணனை. செதுக்குகிற குள்ளர் தனக்குப் பிடித்த விலங்கையோ பொருளையோ செதுக்கலாம், வெறும் வடிவத்தைச் செதுக்கலாம், அல்லது விளையாட்டு தானே உருவாக்கும் உலகத்தின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்வை எடுக்கலாம். நமக்கு வேண்டியது இந்தக் கடைசி வகை. போர், கொலை, பதவியேற்பு மட்டுமல்ல, யாராவது மாஸ்டர்வொர்க் தரத்தில், அதாவது சாதாரண வேலையில் எட்டக்கூடிய உச்சத் தரத்தில், ஒன்றைச் செய்து முடித்தால் அதுவும் வரலாற்றில் பதிவாகிறது. நல்ல செதுக்கல் ஒரு நிகழ்வு. நிகழ்வு என்றால் செதுக்கலாம். அந்தச் செதுக்கலும் நன்றாக அமைந்தால் அதுவும் நிகழ்வு. சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

இடம் தேர்வு செய்யும்போது மண் அடுக்கைத் தாண்டிக் கீழே போய்விடுங்கள். மண்ணில் செதுக்க முடியாது, இயற்கைப் பாறை வேண்டும். பெரிய கூடமாகக் குடைந்து, நடுவில் சில தூண்களைக் குடையாமல் விட்டுவையுங்கள். தூணுக்கு நான்கு முகம் இருந்தாலும் கணக்கில் அது ஒரே கட்டம்தான். ஆனாலும் எனக்குத் தூண் பிடிக்கும், போகிற வழியில் நின்று படிக்கலாம். முதலில் பாறையை இழைக்கச் சொல்லுங்கள், பிறகுதான் செதுக்கக் கட்டளை கொடுக்க முடியும். தரையையும் விடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது ஆள். செதுக்கும் வேலையை ஒரே ஒரு குள்ளரிடம் கொடுங்கள், மற்றவர்களிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். எல்லோரும் செதுக்கினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் எவருக்கும் கை தேறாது. கை தேறாமல் மாஸ்டர்வொர்க் விழாது. மாஸ்டர்வொர்க் விழாவிட்டால் நம் சக்கரமும் சுற்றாது. செதுக்கச் செதுக்கத்தான் தேர்ச்சி ஏறும் என்பதால், தொடக்கத்தில் யாரும் பார்க்காத சுரங்கப் பாதைகளில் எல்லாம் செதுக்க விட்டு, தேறிய பிறகு கூடத்துக்கு அழைத்து வாருங்கள்.

யாரை எடுப்பது? ஆளைச் சொடுக்கி அவருக்குப் பிடித்தவை என்னென்ன என்று பாருங்கள். ‘பசுக்களை அவற்றின் நெஞ்சை உலுக்கும் குரலுக்காக விரும்புகிறார்’ என்று ஒருவருக்கு இருந்தால், அவரைச் செதுக்க விட்டால் சுவர் மாட்டுத் தொழுவம் ஆகிவிடும். அந்தப் பசு ரசிகரைப் பால் கறக்க அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். நான் தேடுவது, கோட்டையில் கண்ணிலேயே படாத எதையாவது விரும்புகிற ஆளை. உண்மையில் இதனால் பலன் உண்டா என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறது.

அடுத்து, பதிவாகும் நிகழ்வுகளைக் கூட்ட வேண்டும். கைவினைக் கூடம், தையல், ஆயுதம் எல்லாம் உதவும். ஆனால் சிரிப்புக்கு அடுப்படியை மிஞ்ச எதுவும் இல்லை. தேர்ந்த சமையல்காரர் செய்கிற மாஸ்டர்வொர்க் சாப்பாடும் வரலாற்றில் ஏறும். அது ஏறினால் செதுக்கலிலும் வர இடமுண்டு. ஒரு பக்கம் டிராகனைக் கொன்ற வீரர், பக்கத்துக் கட்டத்தில் கொழுப்பு வறுவல் செய்த சமையல்காரர், இரண்டுக்கும் அதே கம்பீரமான நடை. வரலாற்றாசிரியருக்கு இரண்டும் ஒன்றுதான். சமையல்காரர் வாரக் கணக்கில் அசத்திக்கொண்டே இருந்தால், கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் தாங்கள் எப்போதோ சாப்பிட்டு முடித்த வறுவலைச் சுவரில் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சாப்பிடுவார்கள்.

உலகத்தை உருவாக்கும்போது வரலாற்றுக் காலத்தைக் குறைத்து வைப்பது என் வழக்கம். பழைய மன்னர்களின் சண்டை குறைவாக இருந்தால் நம் கோட்டைக்காரர்களின் பெருமைக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

இதெல்லாம் அதிர்ஷ்டத்தை நம்பி இருப்பது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சிலை வழி இருக்கிறது. சிலைக்கு ஆர்டர் கொடுக்கும்போது விவரங்களில் போய் யாருடைய உருவம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் சிற்பியின் பெயரையே (லிட்டாஸ்ட் என்று வைத்துக்கொள்வோம்) தேடி எடுங்கள். பட்டறையையும் அவருக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் தன் சிலையைத் தானே செய்வார். அது மாஸ்டர்வொர்க்காக அமைந்தால் வரலாற்றில் ஏறும். பிறகு பாம்ரெக் ஒருநாள், ‘லிட்டாஸ்ட் ஒரு அற்புதமான சிலையைப் படைத்த நிகழ்வு’ என்று கூடத்துச் சுவரில் செதுக்கி வைப்பார். அந்தச் சிலையைக் கொண்டுபோய் அதே சுவருக்கு எதிரே வையுங்கள்.

இந்தத் தற்பெருமையின் உச்சம் பிளேன்பேக்ட் என்ற சிலை. ஒரு பழைய பதிப்பில், விநோத வெறி பிடித்த ஒரு குள்ளர் நிறுத்தாமல் அலங்காரம் சேர்த்துக்கொண்டே போய் உண்டாக்கிய சுண்ணாம்புக்கல் சிலை அது. அதில் இருக்கும் எண்ணற்ற படங்களில் எழுபதுக்கு மேல் அந்தச் சிலையின் படமேதான். நிரலில் இருந்த பிழையால் வந்தது, நாம் முயன்றால் வராது. இன்னொரு வேடிக்கை: நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் இந்த விளையாட்டையே தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. பாம்ரெக்குக்குத் தெரிந்தால் அதையும் செதுக்கியிருப்பார்.

படிக்கும்போது முதல் வரியோடு நிறுத்தாதீர்கள். ‘ஒரு குள்ளரின் உருவம்’ என்று மொட்டையாக ஆரம்பிப்பதுதான் கடைசி வரியில் வெடிக்கும். எந்த நிகழ்வு, எந்த ஆண்டு, எந்தப் பருவம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். செதுக்கியவர் பெயரையும் உருவத்தின் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நாம் தேடுவது அங்கே மாட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாஸ்டர்வொர்க் செதுக்கல் இருக்கும் சுவரைப் பிறகு வெட்டினால், செதுக்கியவர் மனம் நொந்துபோவார். அந்த இழப்பும் வரலாற்றில் தனி நிகழ்வாக ஏறும். அதனால் கூடத்தை எந்தப் பக்கம் நீட்டப் போகிறீர்கள், படிக்கட்டு எங்கே வரும், கழிவுக் கல்லை எந்த வழியாக இழுப்பது என்பதையெல்லாம் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு பாம்ரெக்கின் கையில் உளியைக் கொடுங்கள்.