"நல்லாத்தான் இருக்கேன்" என்றால் நம்பிவிடாதீர்கள்: பராமரிப்பில் இருக்கும் பெரியவர்கள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

என் பெரியம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா போன பிறகு முழங்கால் வலியும் சர்க்கரையும் சேர்ந்து அவரைப் படுக்க வைத்துவிட்டன. வேலையை விட்டுவிட்டு உடனிருக்க என்னால் முடியவில்லை. ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று மணிக்கு ரொட்டி, பழம் வாங்கிக்கொண்டு போவேன். முகத்தில் பவுடர், துவைத்த கைலி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "எப்படி இருக்கீங்க பெரியம்மா?" என்பேன். "நல்லாத்தான் இருக்கேன் கண்ணு" என்பார். ஐந்து மாதம் இப்படியே போனது.

ஒரு புதன்கிழமை காலை அந்தப் பக்கம் வேலை இருந்ததால் சொல்லாமல் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தார். தூக்கி உட்கார வைக்கத் தொட்டதும் அலறினார். கைலியை விலக்கினால், முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

அந்த ஐந்து மாதத்தில் நான் செய்த தவறுகளையும், அதன் பிறகு எங்கள் ஊரில் மற்ற குடும்பங்களில் பார்த்தவற்றையும் எழுதுகிறேன். வயதானவர்களுக்கு மட்டும் உரியது இல்லை இது. வளர்ந்தும் பிறர் கையை நம்பி வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருந்தும்.

பார்த்துக்கொள்பவரை வைத்துக்கொண்டே நலம் விசாரிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நாம் கேட்கும்போது இல்லத்து அக்கா பக்கத்திலேயே நின்றால், அந்தப் பதிலுக்கு ஒரு மதிப்பும் இல்லை. நாம் கிளம்பிய பிறகு இரவு முழுக்க அவர் கையில்தானே இருக்க வேண்டும்? அதிலும் நம் தோட்டத்துப் பெரியவர்கள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, மேற்பார்க்கும் மண்டோரிடமும் கணக்கெழுதும் கிராணியிடமும் பேச்சு வாங்கியே வயதானவர்கள். சோறு போடுகிறவரைக் குறை சொன்னால் என்ன ஆகும் என்பதை வாழ்ந்து கற்றுக்கொண்டவர்கள். பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் வேறு.

அதனால் தனியாகப் பேசுங்கள். சக்கர நாற்காலியில் வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனால்கூடப் போதும். "நல்லா பார்த்துக்கிறாங்களா?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஆமாம் என்றுதான் பதில் வரும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? கக்கூஸ் போகணும்னா யாரைக் கூப்பிடுவீங்க? கூப்பிட்டா எவ்வளவு நேரத்தில் வருவாங்க? ராத்திரி தாகம் எடுத்தா என்ன செய்வீங்க? இப்படிக் கேளுங்கள்.

கடைசிக் கேள்வியை நான் சும்மா சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்து எட்டு மாதம் கழித்துத்தான் பெரியம்மா சொன்னார்: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் தர மாட்டார்களாம். குடித்தால் ராத்திரி பேம்பர்ஸ் மாற்ற வேண்டியிருக்கும். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. சர்க்கரை நோயாளி ஒருவர் விடியும்வரை நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இது எங்கோ ஓரிடத்தில் நடப்பதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சமூகத்தில் வாழும் 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார். பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கிறவர்களில் மூன்றில் இருவர் தாங்களே அப்படி நடந்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று, ஒரே கிழமையில் ஒரே நேரத்துக்குப் போகாதீர்கள். எனக்காக ஞாயிறு மதியம் அவருக்குப் பவுடர் பூசி உட்கார வைத்திருந்தார்கள் என்பது அந்தப் புதன்கிழமைதான் புரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் போங்கள், மாலை மங்கிய பிறகு போங்கள்.

முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது

படுக்கைப் புண் ஒரே நாளில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடாது. ஒரே பக்கமாகக் கிடப்பதால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் நிற்கிறது. வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் ஆகியவைதான் முதலில் புண்ணாகும் இடங்கள். புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தோல் சிவந்தால் எச்சரிக்கை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். நம் தோல் நிறத்துக்குச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அதைப் பாருங்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்குக் குதிகால் புண்ணின் வலியே தெரியாமல் இருக்கலாம்.

போர்வையை விலக்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். மகனுக்குச் சங்கடம் என்றால் மருமகளோ பேத்தியோ பார்க்கட்டும். மேற்கையில் விரல் பதிந்த மாதிரிக் கன்றிய தடம், மணிக்கட்டில் கட்டிய தழும்பு, கழன்று விழும் வளையல், வெட்டாத நகம், காய்ந்த உதடு இவற்றையெல்லாம் கவனியுங்கள். பகலிலும் தூங்கி வழிந்தால் என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள்.

"வயசானா அப்படித்தான்" என்ற பேச்சை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால், உடனே "நியானியோக்", அதாவது மறதி நோய் என்று முத்திரை குத்திவிடுகிறோம். சிறுநீர்த் தொற்றாலும் உடம்பில் நீர் வற்றுவதாலும்கூட அப்படி ஆகும். கிளினிக்குக்குக் கொண்டுபோனால் சரியாகக் கூடியது அது.

பதிவைப் பார்க்காமல் சேர்ப்பது

1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கிப் பராமரிக்கப்படும் மையம் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பணம் வாங்காமல் தர்மத்துக்கு நடத்தினாலும் இதே விதிதான். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு ஒரு கேள்வி: ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், எத்தனை பேரைப் பார்க்கிறார்கள்? பெரியம்மா இருந்த இடத்தில் பதினெட்டுக் கட்டிலுக்கு ராத்திரியில் ஒரு பெண். அந்தப் பெண் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பதினெட்டுப் பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட முடியாது. நான் பார்த்தவரை, கல் நெஞ்சத்தைவிட ஆள் பற்றாக்குறைதான் அதிகம் பேரைப் புண்ணாக்குகிறது.

அரசாங்க இல்லம் இருக்கிறதே என்பார்கள். தஞ்சோங் ரம்புத்தானில் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறது. ஆனால் அது ஆதரவற்ற, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய முதியவர்களுக்கானது. படுக்கையில் விழுந்த ஆதரவற்றவர்களுக்கு ரூமா ஏசான் உண்டு, கோலாகுபு பாருவிலும் டுங்குனிலும். உறவுகள் உள்ள, படுக்கையில் கிடக்கும் ஒருவரின் குடும்பம் தனியார் இல்லத்தைத்தான் தேடிப் போகிறது. மாதக் கட்டணம் குறைவான இடத்தில் கேள்வி கேட்கவும் தயங்குகிறது.

அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிடுவது

அடையாள அட்டையான ஐ.சி., வங்கி அட்டை, சமூக நல உதவிப் பணம், சேமநிதிப் பணம், வீட்டுப் பத்திரமான கிராண்ட் எல்லாம் ஒரே ஆளின் கையில் போய்ச் சேரக் கூடாது. இல்லத்தாரை மட்டும் சொல்லவில்லை, சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "இதிலே ஒரு கைநாட்டு வைங்கப்பா" என்று யாராவது காகிதத்தை நீட்டினால், வாசித்துக் காட்ட இன்னொருவர் கூடவே இருக்கட்டும்.

வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது

இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் அன்பானவர்கள். அம்மா வெளியே போய்த் தொலைந்துவிடுவார் என்ற பயத்தில் கிரில் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஓடும் மகனைக் கட்டிலோடு கட்டி வைக்கிறார்கள். தோட்டத்தில் வரிசையாக நின்ற லயத்து வீடாக இருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஆயா ஒரு வாய் சோறு ஊட்டுவார். தோட்டம் துண்டாடப்பட்டும் எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறியும் ஜனங்கள் தாமான் குடியிருப்புக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு அந்தக் கண்கள் இல்லை. தீ பிடித்தால் பூட்டிய வீட்டிலிருந்து யார் வெளியே எடுப்பது?

ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டை எடுக்காமல் மறைத்து வைத்திருந்தால் எடுங்கள். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் சமூக நல இலாகாவில் மாத உதவித்தொகை உண்டு, விண்ணப்பியுங்கள். ஒரே மகள் இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றால், வாரத்தில் ஒரு நாளாவது அண்ணன் தம்பி யாராவது வந்து அவளைத் தூங்க விடுங்கள். தூக்கமில்லாத கைதான் ஒரு நாள் ஓங்குகிறது.

குடும்ப விஷயம் என்று மூடி மறைப்பது

1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ ஊனத்தாலோ இயலாமல் குடும்பத்தோடு வாழும் பெரியவர்களையும் அது காக்கிறது. 2017-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அவர்களின் சொத்தை நாணயமில்லாமல் சுருட்டி மன உளைச்சல் கொடுப்பதும் அதில் அடங்கும். அதே திருத்தத்தின்படி, அடி உதை ஆபத்து இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே சமூக நல அதிகாரி ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம்.

கோயில் தலைவரிடம் பேசிப் பார்ப்போம், வீட்டுக்குள் தீர்த்துக்கொள்வோம் என்று நாள் கடத்தாதீர்கள். கோபத்தில் இல்லத்தாரிடம் முதலில் சண்டை பிடிக்காதீர்கள், உங்கள் ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார். உடம்பைப் படமெடுத்து டிக்டாக்கில் போடாதீர்கள். ஒரு தாயின் மானம் அது. படத்தை எடுத்து, தேதியோடு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நேராக அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவு. புண்ணையும் காயத்தையும் டாக்டர் எழுதி வைக்கட்டும். பிறகு போலீஸ் புகார். தாலியான் காசே எனும் அரசாங்க உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம்.

நம் ஆளை அழைத்து வந்தால் போதும் என்று நினைப்பது

இந்தத் தவறை நான் செய்தேன். பெரியம்மாவை மருத்துவமனையில் சேர்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, தாதி மிஸ்ஸி சொல்லித் தந்தபடி புண்ணுக்கு மருந்து கட்டப் பழகிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அப்போது பெரியம்மாதான் கேட்டார்: "ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க எப்படி இருக்காங்க? அவங்களைப் பார்க்க யாரும் வர மாட்டாங்களே."

அந்த அம்மாவின் முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொண்டுபோன ரொட்டியில் பாதி அவருக்குத்தான் போகும். நான் 15999-ஐ அழைத்தது அன்று ராத்திரி. பெரியம்மாவை வெளியே கொண்டுவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.