கடிகாரம் காட்டிய 172

இந்த வருட மாரத்தான் பயிற்சியில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு எண்தான். பேசிக்கொண்டே மெதுவாக ஓடினாலும் கடிகாரம் இதயத்துடிப்பை 172 என்று காட்டும். வேகத்தைக் குறைத்தேன், காபியை விட்டேன், ஒரு வாரம் முழு ஓய்வும் எடுத்தேன், மாற்றமே இல்லை.

அப்புறம் ஒருநாள் பழைய பதிவுகளைப் பார்த்தால், நிமிடத்துக்கு நான் வைக்கும் அடிகளும் அதே 172, ஷூ லேஸ் கட்ட நின்ற இடத்தில்கூட வரைபடத்தில் துடிப்பு, அடி இரண்டின் கோடுகளும் ஒரே நொடியில் சேர்ந்து விழுந்திருந்தன. இதயம் அப்படிச் சட்டென்று இறங்காது. மணிக்கட்டு சென்சார் ஒளியை வைத்து ரத்த ஓட்டத்தை அளக்கிறது, பட்டை தளர்வாக இருந்தால் கை ஆட்டத்தையே துடிப்பாக எண்ணிவிடும்.

மார்பில் கட்டி இதயத்துடிப்பை அளக்கும் பட்டை ஒன்றை வாங்கி அணிந்தேன். அதே வேகத்தில் 141! மறுநாளே பழைய வேகத்துக்குத் திரும்பினேன், அடுத்த 42.195 கிலோமீட்டரை 9 நிமிடம் குறைவாக முடித்தேன், பெரிய நிம்மதி.